ஒகேனக்கல்: தண்ணீர் அளவு பார்ப்பது முதல் மீன் சாப்பிட்டுத் திரும்புவது வரை

ஒகேனக்கல் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எத்தனை மணிக்கு பஸ்?" பென்னாகரத்தில் டீ குடிக்க நிறுத்திப் பாருங்கள். அங்கே உள்ளவர்கள் கேட்பது வேறு: "இன்னிக்குத் தண்ணி எவ்ளோ வருது, பாத்தீங்களா?"

அதைப் பார்க்காமல் ஓர் ஆடி மாதம் வேன் பிடித்து, சொந்தக்காரர்கள் பதினான்கு பேரோடு புறப்பட்டேன். கட்டுச்சோறு, எண்ணெய், துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டோம். மடம் சோதனைச்சாவடியில் தடுப்பு போட்டிருந்தது. முந்தின ராத்திரியே வெள்ளம் கூடி, குளிக்கவும் பரிசலுக்கும் தடை விழுந்திருந்தது. ரோட்டோரப் புளியமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். சின்னப் பிள்ளைகள் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் வழி சொல்வதற்கு முன்னால் தண்ணீர் வரத்து எண்ணைத்தான் சொல்கிறேன். இந்த வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் கனஅடி

ஒகேனக்கல்லுக்கு வரும் காவிரி கர்நாடகத்தில் இரண்டு அணைகளைத் தாண்டி வருகிறது. ஒன்று மைசூர் பக்கமுள்ள கிருஷ்ணராஜ சாகர். அதன் முழுக் கொள்ளளவு உயரம் 124.80 அடி. இன்னொன்று வயநாட்டு மழையை வாங்கும் கபினி. குடகிலும் வயநாட்டிலும் மழை பிடித்து, இரண்டு அணையும் நிரம்பி, மதகைத் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீர் நம் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் வந்து சேரும். தர்மபுரியில் வெயில் கொளுத்தும், ஒகேனக்கல்லில் வெள்ளம் போகும். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டு எல்லையில் பிலிகுண்டுலு என்ற இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. காவிரி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) என்று சொன்னதே, அந்தக் கணக்கு எடுக்கப்படுவதும் இங்கேதான். இந்த நிலையத்தில் எடுக்கும் அளவைத்தான் "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்கு 8 ஆயிரம் கனஅடி" என்று காலைச் செய்தியில் போடுகிறார்கள். ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் 8 ஆயிரம் கனஅடி என்பது ஒவ்வொரு வினாடியும் 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி 19 ஒரே நேரத்தில் கவிழ்ந்தால் எவ்வளவோ, அவ்வளவு. படிக்கும்போது சின்ன எண்ணாகத் தெரிவது பாறை இடுக்கில் எப்படிப் பாயும் என்பது இப்போது புரியும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. 2 ஆயிரத்திலிருந்து 8 ஆயிரம் வரை குடும்பத்தோடு போக நல்ல அளவு. 10 ஆயிரத்தைத் தாண்டினால் கிளம்பும் அன்று காலையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 20 ஆயிரம் என்றால் பெரும்பாலும் தடை இருக்கும். தடை போடுவதும் எடுப்பதும் மாவட்ட ஆட்சியர். எந்த எண்ணில் போடுவார்கள் என்று எழுதி வைத்த கோடு கிடையாது. எண்ணை விட முக்கியம், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. நேற்று 5 ஆயிரம், இன்று 9 ஆயிரம் என்றால் நாளைக்குப் போகாதீர்கள். நேற்று 14 ஆயிரம், இன்று 9 ஆயிரம் என்றால் போகலாம். அணைகளில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்பதும் அதே செய்தியில் இருக்கும். அந்தத் தண்ணீர் ஓரிரு நாளில் இங்கே வரும்.

வெள்ளத்தைப் பார்க்கவே போகிறோம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2022-இல் வந்ததுபோல 2 லட்சம் கனஅடியைத் தாண்டிவிட்டால் அருவியே தெரியாது. பாறைகள் எல்லாம் மூழ்கி, ஐந்தருவி இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரே சமதளமாக ஆறு ஓடும். அருவி அழகாகத் தெரிய, பாறை வெளியே தெரியவேண்டும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

வெள்ளம் வடிந்த பிறகு, ஐப்பசியிலிருந்து தை வரை என் தேர்வு. தண்ணீர் கலங்கல் நீங்கியிருக்கும், அளவும் இருக்கும், பாறை சுடாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து மழையால் சின்னாறு திடீரென்று பெருகிக் காவிரியில் சேரும். அதை மட்டும் கவனியுங்கள். பங்குனி, சித்திரையில் அருவி இளைத்துவிடும். ஆனால் நீச்சல் தெரியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அதுதான் நிம்மதியான நேரம். ஆடிப்பெருக்குக்கு அரசு விழா நடக்கும், கூட்டம் அலைமோதும். சாமி கும்பிடப் போகிறவர்கள் போகலாம், ஆசைதீரக் குளிக்கவேண்டும் என்பவர்கள் வேறு நாள் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டால் பாதிச் சிரமம் குறையும்.

போகும் வழி

தர்மபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். அரசுப் பேருந்து அடிக்கடி உண்டு. ரயிலில் வருகிறவர்கள் தர்மபுரியில் இறங்கிப் பேருந்து நிலையம் வந்துவிடலாம். கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை பக்கத்தவர்கள் பாலக்கோடு, பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் வந்து சேரலாம். பாப்பாரப்பட்டியில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். சுப்பிரமணிய சிவா 1925-இல் மறைந்த ஊர் அது, நினைவிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய இடம். ஓசூர்க்காரர்களுக்குத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒரு காட்டு ரோடு உண்டு. காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிய அழகான வழிதான், ஆனால் பகலில் மட்டும், ரோடு பழகினவர் ஓட்டினால் மட்டும்.

பென்னாகரத்தைத் தாண்டியதும் கணவாய் இறங்கும். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்காதீர்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். காலை எட்டு, எட்டரைக்கு ஆற்றங்கரையில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். அந்த நேரத்து வெளிச்சத்தில்தான் அருவித் தூவானம் புகைபோல மேலே எழும்பி நிற்பது நன்றாகத் தெரியும். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் பாறை. ஊர்ப் பெயர் வந்த கதை கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

பையில் என்ன வேண்டும்

மாற்றுத்துணி, இரண்டு துண்டு, பின்பக்கம் வார் வைத்த செருப்பு. ஹவாய்ச் செருப்பு பாசியில் வழுக்கும், தண்ணீரில் கழன்று போகும். கழன்ற செருப்பை எட்டிப் பிடிக்கப் போய்த்தான் பலர் விழுகிறார்கள். செருப்பு போனால் போகட்டும் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். குளிக்கும்போது புடவை, நீளப் பாவாடை, ஜீன்ஸ் வேண்டாம். ஈரத்தில் கனம் ஏறிக் காலைப் பின்னும். நகையை வீட்டில் கழற்றி வையுங்கள். தின்பண்டத்தைப் பைக்குள் மூடியே வையுங்கள், குரங்குகள் கவரின் சத்தத்தைக் கேட்டே வந்துவிடும். சோப்பு, ஷாம்பு பாக்கெட் எடுத்துப் போகவே வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதனால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட கிராமங்களுக்கு 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் போவது இந்த ஆற்றுத் தண்ணீர்தான். நாம் குளிக்கிற ஆற்றை அவர்கள் குடிக்கிறார்கள்.

எண்ணெய் தேய்த்தல்

அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்ப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இதைத் தவறவிடாதீர்கள். இதற்காகவே வருகிறவர்கள் உண்டு. கூலியை முதலில் பேசிக்கொள்ளுங்கள், தலைக்கு மட்டுமா உடம்பு முழுக்கவா என்பதையும் சொல்லிவிடுங்கள். நல்லெண்ணெய் வீட்டிலிருந்து கொண்டு போனால் மனதுக்குத் திருப்தி.

போன முறை எனக்குத் தேய்த்த பெரியவர் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, இரண்டு கையையும் சூடு வரத் தேய்த்துக்கொண்டு உச்சந்தலையில் வைத்தார். விரலால் அழுத்தவில்லை. கையைக் குவித்து, கட்டை விரல் பக்கத்தால் தாளம் தட்டுகிற மாதிரி தட்டினார். அப்புறம் பிடரியில் இறங்கி, தோள்பட்டை எலும்பு ஓரமாக ஒரே இழுப்பு. "எத்தினி வருசமா கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை, தோளே சொல்லிவிட்டது. இடுப்பு வலி, எலும்பு முறிந்த பழைய காயம், ரத்த அழுத்தம், கர்ப்பம் எது இருந்தாலும் தேய்க்க உட்காரும் முன் சொல்லிவிடுங்கள். முதுகெலும்பைச் சொடுக்கு எடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

தேய்த்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் வெயிலில் உட்காருங்கள். எழுந்து நடக்கும்போதுதான் கவனம் வேண்டும். எண்ணெய்க் கால் ஈரப் பாறையில் நிற்காது. பாதத்தில் இருக்கும் எண்ணெயைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு அருவிக்கு நடங்கள். இதை நான் இரண்டு முறை சொல்வேன்: பாதத்தைத் துடைத்துவிட்டு நடங்கள்.

அருவியில் நிற்கும் முறை

மெயின் அருவியில் கம்பித் தடுப்புப் போட்டு, பெண்களுக்குத் தனி இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். குளிப்பதென்றால் அங்கே மட்டும்தான். நேராக விழும் தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். வெள்ளத்தில் சிறு கல்லும் குச்சியும் சேர்ந்து வரும். ஓரமாக நின்று முதலில் காலை நனைத்துக்கொள்ளுங்கள், பிறகு தோளையும் முதுகையும் காட்டுங்கள். ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும். எண்ணெய்ச் சூட்டோடு சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் நுழைந்தால் மூச்சு ஒரு நொடி அடைக்கும், அது சகஜம். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மெதுவாக நனைந்து நுழையவேண்டும். பிள்ளைகளின் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். ஈர விரல் உருவிக்கொண்டு போய்விடும்.

மடு

அமைதியான தண்ணீர்தான் இங்கே ஆளைக் கொல்கிறது. அருவியின் இரைச்சலைக் கேட்டு எல்லோரும் பயப்படுவார்கள். அதைத் தாண்டி, மரநிழலில், பச்சையாக, அசையாமல் கிடக்கும் ஒரு மடுவைப் பார்த்ததும் "இங்கே குளிக்கலாமே" என்று தோன்றும். ஒகேனக்கல் நெடுக இப்படி இடங்கள் உண்டு. ஆலம்பாடி, சின்னாறு முகம், முதலைப் பண்ணைப் பக்கம், ஊட்டமலைக்கரை என்று தடைப் பலகை வைத்திருக்கும் இடங்களிலேயே இறங்குகிறார்கள். உயிரை விடுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், நீச்சல் தெரிந்தவர்கள்.

காரணம் தெரிந்தால் பலகையின் மேல் மரியாதை வரும். காவிரி இங்கே பல கிளையாகப் பிரிந்து பாறையைப் பல யுகமாகக் குடைந்து வந்திருக்கிறது. வெள்ளத்தில் உருளும் கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையில் பானைபோலக் குழி போடும். இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருப்பீர்கள், அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம். மேலே அசையாத தண்ணீருக்கு அடியில் பாறை குடைந்து உள்வாங்கியிருக்கும். இழுப்பு அந்த இடுக்கு வழியாகப் போகும். அங்கே மாட்டினால் நீச்சல் எதற்கும் உதவாது. அருவிக்கு நேர் கீழே இன்னொரு ஆபத்து. வெள்ளை வெளேரென்று நுரைத்திருக்கிறதே, அதில் பாதி காற்று. காற்றுக் கலந்த தண்ணீர் உடம்பைத் தூக்காது. குளத்தில் மிதக்கிறவர் அந்த நுரையில் மூழ்குவார். மேலிருந்து விழும் வேகம் தண்ணீரைத் திரும்ப அருவிக்கே சுழற்றும். பரிசல்காரர்கள் இதைச் சுழி என்பார்கள், அந்தப் பக்கம் துடுப்பைத் திருப்பவே மாட்டார்கள். இதோடு காவிரியில் முதலையும் உண்டு.

மதகுத் தண்ணீர் வருவதற்கு அடையாளங்கள் இருக்கின்றன. தெளிந்திருந்த தண்ணீர் கலங்கும். சருகும் குச்சியும் நுரையும் சேர்ந்து மிதந்து வரும். இரைச்சலின் சுருதி கனக்கும். கரைக்கு வந்ததும் தண்ணீரை ஒட்டி ஒரு பாறையைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் நனைந்த கோட்டுக்குச் சற்று மேலே ஒரு கூழாங்கல்லை வைத்துவிடுவேன். கால்மணிக்கு ஒருமுறை பார்ப்பேன். கல்லைத் தண்ணீர் தொட்டுவிட்டால் யாரையும் கேட்காமல் எல்லோரையும் மேலே ஏற்றிவிடுவேன்.

யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது இந்த ஆற்றில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வேட்டி, துப்பட்டா, கயிறு, காலி கேன், எது கையில் இருக்கிறதோ அதை வீசுங்கள். பரிசல்காரர்களைக் கூப்பிடுங்கள், இந்தத் தண்ணீர் அவர்களுக்குத் தெரியும். இழுபடுகிறவர் நீங்களாக இருந்தால் எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, ஓட்டத்தோடு போய்க் கரையை நோக்கிச் சாயுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. சாராயம் குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவரை மேலேயே உட்கார வையுங்கள். சண்டை போட்டாவது உட்கார வையுங்கள்.

பரிசல்

மாமரத்துக்கடவு துறைக்குப் போய்ச் சீட்டு வாங்குங்கள். கட்டணம் பலகையில் எழுதியிருக்கும். வழியில் கையைப் பிடித்து இழுப்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். உரிமம் பெற்றவர்தானா என்று பாருங்கள். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் கட்டாயம். போட்டால் மட்டும் போதாது, கொக்கி எல்லாவற்றையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கவேண்டும். காது வரை ஏறினால் தளர்வு. பிள்ளைகளுக்குச் சின்ன அளவு கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பரிசலில் ஏறவேண்டாம்.

மூங்கில் பிளாச்சில் கூடையாக முடைந்து, அடியில் தண்ணீர் புகாமல் போர்த்தியதுதான் பரிசல். அந்தக் காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் பாறைக்கு மேலேயும் வழுக்கிக்கொண்டு போகும். அதே காரணத்தால் ஓரத்தில் மிதித்தால் கவிழும். ஏறும்போது நடுவில் காலை வையுங்கள், கையை ஓட்டுபவர் தோளில் வைத்து இறங்கி உட்காருங்கள். எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க அவரே இடம் சொல்வார், அதை மாற்றாதீர்கள். படம் எடுக்க எழுந்து நிற்கவே கூடாது.

பாறைச்சுவர்களுக்கு நடுவே நுழைந்ததும் பேச்சு தானாக நின்றுவிடும். இரண்டு பக்கமும் தண்ணீர் இழைந்த பாறை, நடுவில் கரும்பச்சை ஆறு, தலைக்கு மேல் ஒரு கீற்று வானம். ஐந்தருவி தெரியும் இடத்தில் தூவானம் முகத்தில் அடிக்கும். மணல்திட்டில் இறக்கிவிட்டால் அங்கேயும் ஆழத்துக்குப் போகாதீர்கள். திரும்பும்போது "சுத்தட்டுமா சார்?" என்று கேட்டுப் பரிசலைப் பம்பரமாகச் சுற்றுவார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தலைசுற்றல் உள்ளவர்கள் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மீன்

மீனைக் கடையில் வாங்கி, சமைத்துத் தரும் அம்மாக்களிடம் கொடுத்தால் அங்கேயே வறுத்தும் குழம்பு வைத்தும் தருவார்கள். கட்லா, ரோகு, வாளை, கெளுத்தி, ஜிலேபி கிடைக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்கவேண்டும். எடைக்கல்லைப் பாருங்கள். குளிக்கப் போகும் முன்னாலேயே மீனைக் கொடுத்து, "ஒரு மணிக்கு வர்றோம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனால் சுடச்சுடக் கிடைக்கும்.

ஓர் அக்கா வறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டுகளில் குறுக்கே கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு விரலால் திணித்துத் தடவினார். கல்லில் எண்ணெய் காய்ந்ததும் போட்டார். தானாகக் கல்லை விட்டு எழும்பும் வரை கரண்டியே வைக்கவில்லை. ஒரு தடவைதான் திருப்பினார். சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி குளிக்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் ஒரு மணி நேரம் முதலைப் பண்ணை, தேசநாதேஸ்வரர் கோயில் என்று நடக்க வையுங்கள்.

தடை விழுந்த நாளில்

அருவிக் குளியல் ஆசையோடு கிளம்பி, காலையில் தடைச் செய்தி பார்த்தால் வண்டியை அரூர் பக்கம் திருப்புங்கள். தீர்த்தமலையில் மூச்சு வாங்கப் படியேறினால் பாறை உச்சியிலிருந்து ராம தீர்த்தம் விழுகிறது. அருணகிரிநாதர் பாடிய தலம். மெலிந்த நீர்தான், ஒகேனக்கல்லோடு ஒப்பிட முடியாது. ஆனால் பாட்டிக்கும் பேத்திக்கும் பயமில்லாமல் தலை நனையும்.

திரும்பும்போது

மாலை ஐந்துக்குள் கணவாய் ஏறிவிடுங்கள். இருட்டத் தொடங்கினால் யானைகள் ரோட்டைக் கடக்கும், கோடையில் காவிரித் தண்ணீருக்காக அதிகம். எதிரே யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கை மின்ன விடாதீர்கள், படம் எடுக்க இறங்காதீர்கள். ஒன்று கடந்ததும் கிளம்பாதீர்கள். குட்டி பின்னால் வரும்.